அட்சரகணித வகுப்பும் புள்ளியின் நேர்மையும்



தவணை முடிந்ததும் மாணவர் தேர்ச்சி அறிக்கை வீடு வந்து சேர்கின்றது. அதனைக் கையிலெடுக்கும் தந்தையாரின் கண் முதலிலே கணித பாடத்துக்கு நேரே எழுதப்பட்டிருக்கும் எண்ணைத் தேடுகின்றது. அது 80 ஆயின் முகம் மலர்கின்றது; 30 ஆயின் கறுக்கின்றது. ஆனால், அந்த எண் எவ்வாறு பெறப்பட்டது, எதனை அளந்தது என்று வினவும் பெற்றோர் மிகச் சிலரே. கடையில் ஒரு கிலோ அரிசி வாங்கும்போது நாம் தராசின் முள்ளைக் கூர்ந்து பார்க்கின்றோம். பிள்ளையின் ஓராண்டு உழைப்பை எடைபோட்ட தராசையோ திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தத் தராசைப் பற்றியே, சிறப்பாகப் பத்தாந் தரத்திலும் பதினோராந் தரத்திலும் நடைபெறும் அட்சரகணித வகுப்பை முன்வைத்து, இன்று சில சொல்ல விரும்புகின்றேன்.

யான் கலைப் பட்டதாரி, கணிதம் கற்பிப்பவனல்லன். ஆயினும், பாடசாலை அதிபர் என்ற முறையில் எல்லாப் பாடங்களின் புள்ளிப் பதிவேடுகளும் என் மேசைக்கு வருகின்றன. அவற்றிலே கையொப்பமிடுபவன் அப்புள்ளிகளுக்குப் பொறுப்பாளியும் ஆவான் அன்றோ?

அட்சரகணிதத்தை ஏன் தனியே எடுத்துக்கொண்டேன் என நீங்கள் கேட்கலாம். வரலாற்றிலே ஒரு பாடம் விளங்காவிடினும் அடுத்த பாடத்தை ஒருவாறு படித்துவிடலாம். அட்சரகணிதம் அத்தகையதன்று. அடைப்புக்குறி நீக்கத் தெரியாதவனுக்குச் சமன்பாடு தீர்க்க வராது. காரணிப்படுத்தத் தெரியாதவனுக்கு இருபடிச் சமன்பாடு இருண்ட வீடாகவே இருக்கும். அடிவரிசைக் கல் அசையுமாயின் மேல்வரிசை நில்லாது. அன்றியும், க.பொ.த. சாதாரண தரத்திலே தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களிற் சித்தியும், அவற்றுள் மூன்றிலே திறமைச் சித்தியும் பெறுவதே உயர்தர வகுப்புக்குச் செல்வதற்குரிய பொது விதியாக இருந்து வருகின்றது. எனவே, கணிதப் புள்ளி ஒரு வாயிற்கதவின் தாழ்ப்பாள். பாடசாலைகளில் வழங்கும் தர எல்லைகளின்படி 35 சாதாரண சித்தி, 34 சித்தியின்மை. இவ்விரு எண்களுக்குமிடையே உள்ளது ஒரே ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளியை இடுகின்ற கை எவ்வளவு நிதானமாக இருத்தல் வேண்டும்!

இதற்கு யாது வழி? முதலாவது, ஆட்டம் தொடங்குமுன் விதி சொல்லப்படல் வேண்டும். ஆண்டின் முதல் வாரத்திலேயே ஆசிரியர் தம் மாணவரிடம் எதிர்பார்ப்பவற்றை வெளிப்படையாகக் கூறிவிடுதல் நன்று. கொப்பியும் பென்சிலும் அடிமட்டமும் நாள்தோறும் கொண்டுவருதல், விடையை மட்டும் எழுதாது செய்கைமுறையையும் படிப்படியாக எழுதுதல், விளங்காத இடத்தில் வெட்கமின்றி வினவுதல், பிழைகளைத் திருத்தி எழுதுதல் என்பன மாணவன் கடன். தாம் இட்ட பயிற்சியைத் தாமே பார்த்துத் திருத்துதல், விடைத்தாளைக் காலந்தாழ்த்தாது திருப்பிக் கொடுத்தல், எதற்கு எத்தனை புள்ளி என்பதை மறைக்காதிருத்தல் என்பன ஆசிரியர் கடன். எடுத்துக்காட்டாக, நூறு புள்ளியில் தவணைப் பரீட்சைக்கு 60, இரண்டு அலகுப் பரீட்சைகளுக்கு 30, பயிற்சிக்கு 10 என்று ஓர் ஆசிரியர் வகுத்துக்கொள்ளலாம். அந்தப் பங்கீடு வேறாகவும் இருக்கலாம். ஆனால், தை மாதத்திற் சொன்னதைக் கார்த்திகையில் மாற்றலாகாது.

இரண்டாவது, செய்கைமுறைக்கும் புள்ளி உண்டு என்பதை மாணவரும் பெற்றோரும் உணர்தல் வேண்டும். இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவேன். விரும்புவோர் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம். தெரியாத ஓர் எண் உண்டு. அதிலிருந்து 4ஐக் கழித்து, வருவதை 3ஆற் பெருக்குக. அதே எண்ணிலிருந்து 5ஐக் கழித்து, வருவதை 2ஆற் பெருக்குக. முன்னதிலிருந்து பின்னதை நீக்கினால் எஞ்சுவது 7. அந்த எண் யாது?

விடை 9. ஒரு மாணவன் இரண்டாம் அடைப்பை நீக்கும்போது, சய ஐந்தைச் சய இரண்டாற் பெருக்கினால் சக பத்து வரும் என்பதை மறந்து சய பத்து என எழுதிவிடுகின்றான். மற்றெல்லாம் ஒழுங்காகச் செய்து 29 என்ற விடைக்கு வருகின்றான். பக்கத்திலிருக்கும் மற்றொருவனோ எந்தச் செய்கையுமின்றி 9 என்று மட்டும் எழுதுகின்றான். விடையை மட்டும் பார்க்கும் ஆசிரியர் முதல்வனுக்குச் சுழியமும் இரண்டாமவனுக்கு முழுப் புள்ளியும் இடுவார். அது நீதியாகுமா? முதல் அடைப்புக்கு ஒன்று, இரண்டாம் அடைப்புக்கு ஒன்று, ஒத்த உறுப்புக்களைச் சேர்த்தமைக்கு ஒன்று, சரியான விடைக்கு ஒன்று என நான்கு புள்ளிகளைப் பகுத்துவிட்டால், முதல்வன் இரண்டு பெறுவான். அவனுக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை அந்த இரண்டு நமக்குச் சொல்லும். இரண்டாமவனின் வெறும் 9 நமக்கு எதையுமே சொல்லாது.

அட்சரகணிதத்துக்கு மற்றொரு பெருஞ்சிறப்பு உண்டு. விடை சரியோ பிழையோ என்பதை அறிய ஆசிரியர் வேண்டியதில்லை. 29ஐ அந்தச் சமன்பாட்டிலே வைத்துப் பாருங்கள்: 75இலிருந்து 48 போக 27 வருகின்றது, 7 வரவில்லை. 9ஐ வைத்தால் 15இலிருந்து 8 போக 7 வருகின்றது. இவ்வாறு தன் விடையைத் தானே சோதித்துப் பார்ப்பவனுக்கு ஆசிரியர் சிறிது புள்ளி ஒதுக்குவாராயின், அது கணிதத்துக்கு மாத்திரமன்றி வாழ்வுக்கும் உதவும் பழக்கத்தை வளர்க்கும்.

வசனக் கணக்குகளிலும் இதே கருத்தைக் காணலாம். 3 கொப்பிகளும் 2 பேனைகளும் 460 ரூபா. 1 கொப்பியும் 4 பேனைகளும் 420 ரூபா. ஒவ்வொன்றின் விலை என்ன? கூர்மையான பிள்ளை ஒன்று ஊகித்துப் பார்த்தே கொப்பி 100 ரூபா, பேனை 80 ரூபா என்று கண்டுவிடும். அந்தக் கூர்மையைப் பாராட்டுவோம்; விடைக்குரிய புள்ளியையும் கொடுப்போம். ஆனால், அன்று நாம் சோதித்தது இரண்டு ஒருங்கமை சமன்பாடுகளை அமைக்கும் ஆற்றலை எனின், சமன்பாடு அமைக்காதவனுக்கு அதற்குரிய புள்ளி இல்லை. நாளை விலைகள் முழு எண்ணாக இராதபோது ஊகம் கைகொடாது. இதனை வினாத்தாளிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாது வைத்துப் பின்னர் வெட்டுவது முறையன்று.

மூன்றாவது, வீட்டுப் பயிற்சியைப் பற்றியது. பயிற்சி என்பது பழகுவதற்காக இடப்படுவது. பழகும்போது பிழை வருதல் இயல்பு. பழகும் நாளிலேயே பிழைக்குப் புள்ளி வெட்டினால், பிள்ளை பிழையை மறைக்கக் கற்றுக்கொள்ளும். காலையிலே பாடசாலைக்கு வந்து அயலவன் கொப்பியைப் பார்த்து எழுதும். அன்றியும், தனி மேசையும் மின்விளக்கும் உதவி செய்யப் படித்த தந்தையும் வாய்த்த பிள்ளைக்கும், தோட்டத்து லயன் அறையிலே தம்பி தங்கையருக்கு நடுவே குந்தியிருந்து எழுதும் பிள்ளைக்கும் வீடு ஒன்றல்ல. வீட்டுப் பயிற்சிக்குப் பெரும்புள்ளி இடுவோமாயின், நாம் அளப்பது பிள்ளையின் அட்சரகணிதத்தையா, அதன் வீட்டையா? ஆகவே, முயன்று செய்தமைக்குச் சிறு புள்ளி போதும். அறிவை அளக்கும் இடம் எல்லார்க்கும் ஒன்றாகிய வகுப்பறையே.

நான்காவது, சராசரி என்னும் எண்ணைப் பற்றி எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். ஒரு மாணவி மூன்று தவணைகளிலும் முறையே 30, 45, 72 எடுக்கின்றாள். மற்றொருத்தி 72, 45, 30 எடுக்கின்றாள். இருவர்க்கும் சராசரி 49. அறிக்கையிலே இருவரும் சமமானவர். உண்மையிலோ ஒருத்தி ஏணியில் ஏறுகின்றாள், மற்றவள் இறங்குகின்றாள். முன்னவளைத் தட்டிக்கொடுத்தலும் பின்னவளை அழைத்து என்ன நேர்ந்தது என வினவுதலும் ஆசிரியர் கடமை. சராசரியை மட்டும் பார்ப்பவர் இரண்டையும் செய்யார்.

சுழியமும் அவ்வாறே. மூன்று பரீட்சைகளில் 70 வீதம் எடுத்த பிள்ளை நான்காவது பரீட்சைக்குக் காய்ச்சலால் வரவில்லை. அந்த இடத்திலே சுழியம் இட்டால் சராசரி 52 அரையாக வீழ்கின்றது. சுழியம் என்பது "இப்பிள்ளைக்கு எதுவும் தெரியாது" என்னும் சாட்சி. நாமோ அன்று எதையும் சோதித்திலோம். சோதியாததைச் சோதித்ததாக எழுதுவது பொய்ச்சாட்சியாகும். "சமுகமளிக்கவில்லை" என்று எழுதிவிட்டு, பிறிதொரு நாளில் வேறொரு வினாத்தாள் கொடுப்பதே நேர்மை. காரணமின்றி வராதவனைக் கண்டிக்க வேறு வழிகள் உள. பெற்றோரை அழைக்கலாம், பாடசாலை விட்டபின் இருத்திப் படிப்பிக்கலாம். வகுப்பிலே பேசியவனுக்கும், தலைமுடி வெட்டாதவனுக்கும் கணிதப் புள்ளியிலே கைவைப்பது தராசுத் தட்டிலே விரலை வைப்பதற்கு ஒப்பாகும்.

இனி, இதன் மறுபுறத்தையும் சொல்லாது விடின் என் பேச்சு ஒருபக்கச் சாய்வுடையதாகும். தராசுத் தட்டிலே விரல் வைப்போர் கோபத்தால் மட்டும் வைப்பதில்லை, இரக்கத்தாலும் வைப்பர். "பாவம், ஏழைப் பிள்ளை, 28ஐ 35 ஆக்கிவிடுவோம்" என்று எண்ணும் ஆசிரியர் நல்லவரே. சித்தி வீதம் குறைந்தால் மேலிடத்திற் கேள்வி எழுமே என்று அஞ்சும் அதிபர்களும் உளர். ஆனால், அந்த ஏழு புள்ளிகள் யாருக்கு உதவின? பத்தாந் தரத்தில் 35 என்று கண்ட தாய், பிள்ளைக்குக் கணிதம் வரும் என்று நம்பியிருப்பாள். இறுதிப் பரீட்சையிலே, தொலைவிலுள்ள நிலையத்தில், பிள்ளையை அறியாத ஒருவர் புள்ளித் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த விடைத்தாளைத் திருத்துவார். அவர் கையில் இரக்கத்துக்கு இடமில்லை. உண்மை அன்றுதான் வெளிவரும். அப்போது திருத்திக்கொள்ளக் காலம் இராது. வசதியுள்ள வீட்டார் தனியார் வகுப்புக்கு அனுப்பி இந்தக் குறையை முன்னரே கண்டுபிடித்துவிடுவர். நம் இரக்கத்தாற் கெடுவது பெரும்பாலும் நாம் இரங்கிய அந்த ஏழைப் பிள்ளையே.

அப்படியாயின், 28 எடுத்த பிள்ளையை 28 என்றே எழுதிக் கைவிட்டுவிடுவதா? இல்லை. இங்கேதான் புள்ளியின் உண்மையான பயன் தொடங்குகின்றது. ஒன்பதாம் நூற்றாண்டிலே பக்தாத் நகரில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி என்னும் அறிஞர் எழுதிய நூலின் பெயரிலிருந்தே மேனாட்டு மொழிகளில் இக்கலைக்குப் பெயர் வந்தது. வாரிசுப் பங்கீடு, வாணிகம், நில அளவை முதலிய அன்றாடத் தேவைகளுக்கு உதவவே அவர் அந்நூலை எழுதினார். "அல் ஜபர்" என்னும் அந்த அரபுச் சொல்லுக்கு, குறைந்ததை மீண்டும் நிறைத்தல் என்பது பொருள். முறிந்த எலும்பைப் பொருத்துதலையும் அச்சொல் குறிக்கும். நம் ஊர்களிலே முறிவு பார்க்கும் நாட்டு வைத்தியரைக் கண்டிருப்பீர்கள். "கை முறிந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு அவர் போய்விடுவதில்லை. விரலால் தடவி, முறிந்த இடம் இதுவெனக் கண்டு, பொருத்திப் பத்துப் போட்டுக் கட்டி, எட்டாம் நாள் மீண்டும் வரச் சொல்கின்றார். புள்ளியிடும் ஆசிரியரின் கையும் அவ்வாறு இருத்தல் வேண்டும். "28" என்பது முறிவு உண்டு என்னும் செய்தி. "அடைப்பு நீக்குகையில் குறி பிழைக்கின்றது, காரணிப்படுத்தல் நன்று, வசனத்தைச் சமன்பாடாக்குதல் வரவில்லை" என்பது முறிந்த இடம். இதனை விடைத்தாளின் ஓரத்தில் எழுத இரண்டு வரி போதும். அந்தப் பகுதியை மீண்டும் கற்பித்து, மீண்டும் சோதித்து, இப்போது 50 எடுத்தால் 50 என்றே பதிவதற்கு ஆசிரியர் தயங்கலாகாது. பங்குனியில் தெரியாதது ஆடியில் தெரிந்துவிட்டதாயின், ஆடியிலுள்ள பிள்ளையையே நாம் சான்றுப்படுத்துகின்றோம்.

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இஃது எளிதோ என ஆசிரிய நண்பர்கள் கேட்பர். எளிதன்று. ஆனால், நாற்பது விடைத்தாள்களிலும் காணப்படும் பிழைகள் நாற்பது வகையினவல்ல. பெரும்பாலும் ஐந்தாறு வகைக்குள் அடங்கும். அவ்வகைகளுக்கு ஏற்பப் பிள்ளைகளைக் குழுவாக இருத்தி, வாரத்தில் ஒரு பாடவேளையைத் திருத்தத்துக்கென ஒதுக்கினால் பெரும்பகுதி நிறைவேறும். அந்த ஒரு பாடவேளையை நேரசூசியிலே தேடிக் கொடுப்பது அதிபரின் கடமை.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தவணை அறிக்கை வரும்போது "எத்தனை புள்ளி?" என்பதோடு நின்றுவிடாதீர்கள். "விடைத்தாள் எங்கே? எந்த இடத்திற் பிழைத்தது? அதைத் திருத்திச் செய்து பார்த்தாயா?" என்று பிள்ளையிடம் அன்போடு கேளுங்கள். உங்களுக்கு அட்சரகணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. திருத்திய கணக்கிலே விடையை வைத்துச் சோதித்துக் காட்டும்படி சொன்னாற் போதும். இரு பக்கமும் சமனாகின்றனவா என்பது உங்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும். ஐயமிருந்தால் பாடசாலைக்கு வந்து வினவுங்கள். தன் தராசு நேரானது என்று அறிந்த வணிகன், முள்ளைக் காட்டுமாறு கேட்பவரிடம் சினப்பதில்லை.