கன்னிப் பேச்சும் நிலச் சட்டமும்



மு. கருணாநிதி, 1957 முதல் 2016 வரை 13 முறை தமிழகச் சட்டசபைக்குத் தெரிவானார், ஒருமுறையேனும் தோற்றாரல்லர். எனினும் வெற்றிகளை எண்ணுவதோடு நாம் நின்றுவிடலாகாது.

1957இல் குளித்தலைத் தொகுதியின் பிரதிநிதியாகச் சென்றவர், தம் கன்னிப் பேச்சிலே அத்தொகுதியின் நங்கவரம் உழவரது துயரை எடுத்துரைத்தார். அன்று அவர் கட்சியினர் 15 பேரே. கேட்கலாம், ஆணையிடல் இயலாது. 1969இல் அவர் முதலமைச்சரானார். 1970இல் குடும்பமொன்றுக்கான நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து 15 ஆகக் குறைக்கப்பட்டது. விலக்குகளும் பினாமிப் பதிவுகளும் அச்சட்டத்தின் பயனைக் குறைத்தன என்பதும் மெய்யே. ஆயினும், எதிர்வரிசையில் எழுப்பிய குரலை ஆட்சிவரிசையில் மறவாமை அரிது.

வாக்குக் கேட்டு வருவோரிடம் நீங்கள் வினவவேண்டியவை இரண்டு: அதிகாரமில்லாத நாளிலே பேசியது யாது? அதிகாரம் வந்தபின் செய்தது யாது? அவ்விரண்டும் பொருந்துமாயின், அவரே நும் பிரதிநிதி.