பாறைக்குள் இறங்கிய அளவுகருவி
(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



"முந்நூறு அடியில் நீர் இல்லையெனில் ஆயிரம் அடி போவோம்" என்று கூறி, நிலத்தை ஈடு வைத்துத் துளைக் கிணறு போடுவோர் நம்மிடையே பலர். நம் மாநிலத்தின் பெரும்பகுதி கருங்கற் பாறையின்மேல் அமைந்தது. அத்தகைய பாறையின் ஆழத்தைப் பிற நாட்டார் ஆராய்ந்த வரலாறு நாம் கேட்கத் தக்கது.

தரையில் சிறு வெடி வைத்து, அவ்வதிர்வு பாறைக்குள் சென்று எதிரொலித்துத் திரும்பும் காலத்தைக் கணக்கிடுவது அதிர்வலை அளவை. வெடிப்பற்ற கருங்கல்லில் அதிர்வு வினாடிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் ஓடும். பிளவு மிகுந்த இடத்தில் தளரும். தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போன்றதே இது. ஆயினும் மேலிருந்து தட்டினால் ஆழமும் வேகமும் ஊகமாகவே இருக்கும். ஆகவே, அதிர்வுமானியை வடத்தில் கட்டித் துளைக்குள் இறக்கி, பாறைச் சுவரோடு அழுத்தி நிறுத்தி அளக்கலாயினர். ஆழத்தை வடத்தின் நீளமே சொல்லிவிடும்.

சோவியத் நாட்டின் கோலா தீபகற்பத்தில் 1970-இல் தொடங்கிய துளை, 1989-இல் 12,262 மீட்டரை எட்டியது. ஏறத்தாழ ஏழு கிலோமீட்டரில் கருங்கல் முடிந்து பசால்ட் என்னும் எரிமலைப் பாறை தொடங்கும் என்று மேலிருந்து எடுத்த அளவையைக் கொண்டு எதிர்பார்த்தனர். அங்கே பசால்ட்டைக் காணோம்! உருமாறி வெடித்து நீர் கசிந்த பாறையே இருந்தது. அலையின் வேகம் மாறியது மெய். அதற்குக் கற்பித்த காரணமே பிழை.

ஜெர்மனியின் பவேரியாவில் 1994-இல் 9,101 மீட்டரில் முடிந்த துளையில், எதிரொலி காட்டிய ஆழத்தில் பாறை நொறுங்கிய பெரும்பிளவு தென்பட்டது. ஆழத்திலும் நீர் உண்டு என்று மகிழ வேண்டா. அதன் அருகே முன்னோட்டமாகப் போட்ட நான்கு கிலோமீட்டர்த் துளையிலிருந்து இறைத்த நீர் கடல்நீரினும் உப்பு மிக்கது, பயிருக்கு ஆகாது.

மழையால் ஊறும் நன்னீர், மேலேயுள்ள சிதைந்த பாறையிலும் அதனை அடுத்த பிளவுகளிலுமே பெரும்பாலும் தங்குகிறது. கீழே போகப் போகப் பிளவுகள் அருகும்.

கிணற்றுக்கு இடம் பார்க்க இத்துணைச் செலவான முறை வேண்டுவதில்லை. வேளாண்மைப் பொறியியல் துறையினர் மின்தடை அளவை செய்து தருகின்றனர். அதுவும் மேலிருந்து எடுக்கும் அளவையே. துளையிட்டுக் கண்டதோடு ஒப்பிட்டால்தான் அது தெளிவுபெறும். நம்மிடம் குறைவது இந்த ஒப்பீடே. ஆகவே, துளை போடும்போது எத்தனை அடியில் எந்தப் பாறை வந்தது, எங்கே நீர் கசிந்தது என்பதைப் பஞ்சாயத்துப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். நீர் காணாத துளையையும் விடாமல் எழுதுங்கள். அடுத்த வயற்காரர் கடன் வாங்குமுன் முதலில் பார்க்க வேண்டியது அந்த வரியைத்தான்.