முரசும் ஊதுகொம்பும்

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



"சாமி, ஒரு நாளைக்காவது பிரசங்கம் இல்லாமல் பேசுங்கள், உங்களுக்குப் பிடித்த ஒன்றைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று யூபிலிக் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். நமக்குப் பிடித்தது எது என்பதைப் பங்கு இல்லத்துக்குப் பக்கத்து வீட்டார் நெடுநாளாகவே அறிவார்கள். இரவு எட்டு மணிக்குமேல் நம் சன்னல் வழியாக வரும் முரசுச் சத்தத்தைக் கேட்டு, சாமி ஏதோ சண்டைப் படம் பார்க்கிறார் என்று சிலர் எண்ணியதாகவும் கேள்வி. சண்டைப் படம் அன்று. அமெரிக்க நாட்டில் கோடைதோறும் நடைபெறும் 'டிரம் கோர்' என்னும் முரசுக்குழுப் போட்டிதான் அது. மேற்படிப்புக்காக அங்கே இருந்த நாள்களில் பிடித்த பைத்தியம், இன்றுவரை விட்டபாடில்லை.

முதலில் பெயரைச் சொல்லிவிடுவோம். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த 'கோர்' என்ற சொல்லின் கடைசியில் இரண்டு எழுத்துகள் நிற்கும். உச்சரிக்கும்போது இரண்டும் ஊமை. இதை அறியாமல் எழுத்துக் கூட்டிப் படித்தால் பிணம் என்று பொருள்படும் சொல்லாகிவிடும். உயிர்த்துடிப்புள்ள ஒரு கலைக்கு இப்படி ஒரு பெயர்!

முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய போர்வீரர்கள், பாளையத்தில் பழகிய முரசையும் பியூகிள் எனப்படும் ஊதுகொம்பையும் மறக்க மனமில்லாமல் குழுக்கள் அமைத்தார்கள். 1919இல் தோன்றிய அமெரிக்கன் லீஜன் முதலிய படைவீரர் சங்கங்கள் இக்குழுக்களுக்குப் போட்டிகள் நடத்தின. அடுத்துச் சிறுவர் குழுக்கள் வந்தன. சிறுவர்களைத் திரட்டியவர்கள் யார்? இங்கேதான் நம்மவர்கள் கதைக்குள் நுழைகிறார்கள். நியூ ஜெர்சி, நியூயார்க், பாஸ்டன் பகுதிகளில் ஐரிஷ், இத்தாலிய, போலந்துக் குடியேறிகள் நிறைந்த தொழிலாளர் பங்குகள் பல இருந்தன. தந்தையர் ஆலைக்குப் போய்விட, பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். 1930இல் சிகாகோவின் துணை ஆயர் பெர்னார்டு ஷீல் தொடங்கிய கத்தோலிக்க இளைஞர் அமைப்பு அப்பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டையும் கூடைப்பந்தும் கற்றுத்தந்தது. பின்னாளில் முரசுக்குழுப் போட்டிகளும் அதன் பெயரில் நடந்தன. முழுச் சீருடை அணிந்து, கைக்கு ஒரு கொம்போ ஒரு முரசோ வாங்கி, வீதியில் அணிவகுத்துப் போகும் பெருமை அந்த ஏழைப் பையன்களுக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

அக்காலத்துக் குழுக்களின் பெயர்ப் பட்டியலை வாசித்தால் புனிதர்களின் மன்றாட்டுமாலை போலவே இருக்கும். பட்டேவியாவின் புனித யோசேப்பு, பயோனின் புனித வின்சென்ட், நியூவார்க்கின் திவ்விய நற்கருணை, புரூக்ளினின் லொரேத்தோ மாதா என்று நீளும். கார்ஃபீல்டு என்னும் சிற்றூரின் திருநாமப் பங்கில் 1934இல் 'ஹோலி நேம் கெடட்ஸ்' தோன்றியது. பாஸ்டன் நகரின் ஹைட் பார்க் பகுதியில், விலைமதிப்பற்ற திரு இரத்தப் பங்கின் சிறுவர்களுக்காக 1940இல் 'குரூசேடர்ஸ்' தோன்றியது. இவ்விரு பெயர்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். நூறு கெஜ நீளமுள்ள அமெரிக்கக் கால்பந்துத் திடல்தான் மேடை. குழுவில் முன்பு 128 பேர் வரை இருக்கலாம். இப்போது 150க்கும் மேல். பித்தளைக் கொம்புகள், முரசுகள், கொடிகளையும் மரத் துப்பாக்கிகளையும் சுழற்றி வீசிப் பிடிக்கும் ஒரு கூட்டம், இவ்வளவே. புல்லாங்குழலுக்கும் கிளாரினெட்டுக்கும் இடமில்லை. பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓடிக்கொண்டும் திரும்பிக்கொண்டும் வாசிக்க வேண்டும். எவர் கையிலும் இசைத்தாள் கிடையாது. அத்தனை சுரமும், அத்தனை அடியும் நெஞ்சிலேயே இருக்க வேண்டும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. புதிதாகப் பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது. ஒலி மெதுவாகப் பயணம் செய்வது. திடலின் பின்கோட்டில் நிற்பவன் ஊதும் ஓசை முன்கோட்டைக் கடக்க ஏறத்தாழ ஏழில் ஒரு நொடி ஆகும். அவனும் முன்னால் நிற்பவனும் ஒரே கணத்தில் ஊதினால், கொட்டகையில் அமர்ந்திருக்கும் நம் காதில் இரண்டும் தனித்தனியாக விழும். ஆகையால் முன்னால் நிற்பவர்கள், பின்னால் முரசு நிற்கும் இடத்திலிருந்து வரும் தாளத்தைக் காதில் வாங்கி, அதன்மேல் தங்கள் ஓசையை ஏற்றுவார்கள். குழுத்தலைவனோ கைவீசித் தாளம் காட்டும்போது பல வேளை நடு முரசுக்காரனின் பாதங்களைப் பார்த்தே காட்டுவான். சேனைக்கெல்லாம் தலைவன் ஒரு சிப்பாயின் காலைப் பார்த்து நடப்பது என்றால் பாருங்கள்!

முரசுகளில் 'ஸ்னேர்' என்ற வகை மிக இறுக்கமான தோலுடையது; மேசைமேல் தட்டினாற்போல் வறண்ட ஓசை. எட்டு ஒன்பது பேர் வரிசையாக நின்று, நொடிக்குப் பத்துக்குமேல் அடிகள் விழும் வேகத்தில், ஒரே ஆள் அடிப்பதுபோல் அடிப்பார்கள். பெருமுரசுக்காரர் ஐவரோ ஒரு வரிக்குரிய அடிகளைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வார்கள். ஒருவனுக்கு ஓர் அடி, அடுத்தவனுக்கு அடுத்த அடி. ஓசை வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு உருண்டு ஓடும். ஒருவன் சற்றே பிந்தினாலும் படிக்கட்டில் ஒரு படி உடைந்ததுபோல் கேட்கும். பழகிய இரசிகன் காத்திருப்பது அந்த உடைந்த படிக்காகத்தான். அவனுக்கு இரக்கம் கிடையாது.

எங்கே உட்காருவது என்பதில் இரசிகர்களுக்குள் தீராத வழக்கு உண்டு. உயரத்தில் நடுக்கோட்டுக்கு நேராக உட்கார்ந்தால், வட்டம் சதுரமாகி, சதுரம் சிதறி மீண்டும் கூடுவதெல்லாம் கோலம்போல் தெரியும். கீழே உட்கார்ந்தால் எண்பது கொம்புகள் ஒரே நேரத்தில் நம்மை நோக்கித் திரும்பும்போது மார்பெலும்பு அதிரும். நம் கட்சி உயரக் கட்சி. ஆனால் ஒருமுறையேனும் கீழே உட்காராதவன் இதைப் பார்த்தவன் ஆகமாட்டான்.

பழைய காலத்துத் தீர்ப்பு முறை நம் சின்னக் குருமட நாள்களை நினைவூட்டுவது. நடுவர்கள் கையில் அட்டையுடன் திடலுக்குள்ளேயே ஓடி, ஒவ்வொரு குழுவையும் மூக்கோடு மூக்காகப் பார்ப்பார்கள். ஒரு தவறு கண்டால் ஒரு கோடு. ஒரு கோட்டுக்குப் பத்தில் ஒரு மதிப்பெண் குறைவு. குற்றங்களை மட்டுமே எண்ணிய முறை அது. தவறாமல் வாசித்தார்கள் என்பது உண்மையே. ஆனால் தவறு வராதபடி எளிதானதையே தெரிந்தெடுத்தார்கள் என்பதும் உண்மை. 1984இல் அந்த முறை நீங்கியது. இப்போது நூற்றுக்கு 40 மதிப்பெண் மொத்தப் பயனுக்கும், 30 கண்ணுக்கும், 30 செவிக்கும் என்று பிரித்துக் கட்டி எழுப்பும் முறை. எவ்வளவு அரியதைத் துணிந்தார்கள் என்பதும் இதில் கணக்கில் சேரும். நமக்கு இதுவே நியாயமாகப் படுகிறது. பழைய ஆள்கள் ஒப்பமாட்டார்கள்.

அதற்கு முன்பே பெரிய மாற்றம் ஒன்று நடந்துவிட்டது. படைவீரர் சங்கங்கள் வகுத்த விதிகள் தங்களைக் கட்டிப்போடுகின்றன என்று கருதிய குழுக்கள் 1971இல் ஒன்றுகூடித் தங்களுக்கென ஓர் அமைப்பை உண்டாக்கிக்கொண்டன. 1972இல் விஸ்கான்சின் மாநிலத்து ஒயிட்வாட்டர் ஊரில் முதல் இறுதிப் போட்டி நடந்தது. கலிபோர்னியாவின் அனஹைம் கிங்ஸ்மென் வென்றது. அந்நாளிலிருந்து போட்டி நாடு தழுவியதாயிற்று. நாடு தழுவியது என்றால் பேருந்து வேண்டும், லாரி வேண்டும், இரண்டு மாதப் பயணம் வேண்டும். பங்குக் குழுக்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பட்டேவியாவும் நியூவார்க்கும் லொரேத்தோவும் வரலாறாகிவிட்டன. இதைச் சொல்லும்போது ஒரு பங்குத்தந்தை என்ற முறையில் நமக்கு வருத்தமே. செலவுக் கணக்கைப் பார்த்துப் பிள்ளைகளை அனுப்பிவிட்ட பங்குகள், பிற்பாடு அந்த வயதுப் பிள்ளைகளைக் கோவிலுக்குள் தேடின.

கார்ஃபீல்டுப் பையன்கள் பங்கைவிட்டு முன்பே பிரிந்து, ஊர்ப் பெயரையே சூட்டிக்கொண்டார்கள். 1983, 1984, 1985 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்ற முதல் குழு அவர்களே. ஜார்ஜ் ஜிங்காலி என்பவர் வகுத்த அணிநடை, அதுவரை இருந்த இருபக்கமும் சமமான கோலத்தை உடைத்துவிட்டது. கோடுகள் தண்ணீர்போல் வளைந்தோடின. நடந்து போனவர்கள் ஓடத் தொடங்கினார்கள். 1984இன் ஒளிப்பதிவை எத்தனை முறை பார்த்திருப்போம் என்று கணக்கு வைத்ததில்லை. இன்றும் நடுவில் ஓரிடத்தில் மூச்சை அடக்கிக்கொண்டுதான் பார்க்கிறோம், முடிவு தெரிந்திருந்தும்.

வாத்தியங்களும் மாறின. ஆதியில் பொத்தானே இல்லாத கொம்பு. அதில் சில சுரங்களே வரும். பிறகு மெல்ல மெல்ல வசதிகள் வந்தன. 1977இல் இரண்டு வால்வு, 1990இல் மூன்று வால்வு, 2000இல் எந்தச் சுருதிக் கொம்பும் ஆகலாம் என்றார்கள். 2004இல் ஒலிபெருக்கி வந்தது, 2009இல் மின்னணு வாத்தியம் வந்தது. ஒவ்வொரு முறையும் "இத்துடன் டிரம் கோர் செத்தது" என்று இரசிகர்கள் இழவு கொண்டாடினார்கள். மறு கோடையில் நுழைவுச்சீட்டுக்கு முந்திக்கொண்டு நின்றவர்களும் அவர்களே. நம் அபிப்பிராயம் கேட்பீர்களானால், திடலின் முன்னால் வைத்த மரிம்பா போன்ற மென்மையான வாத்தியங்கள் ஒலிபெருக்கியால் காதில் விழுவது நன்மை. நாடக வசனம் பேசுவதற்கு அது வேண்டாம். எண்பது கொம்பு சொல்லாததை ஒரு மைக் சொல்லப்போவதில்லை.

பிள்ளைகளே, அவர்கள் வாழ்க்கையையும் கொஞ்சம் கேளுங்கள். இருபத்தொன்று இருபத்திரண்டு வயதோடு ஒருவருடைய காலம் முடிந்துவிடும். எவ்வளவு கெட்டிக்காரனானாலும் விலக்கு இல்லை. கோடையில் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தின் தரையில் படுக்கை. காலை முதல் இரவுவரை வெயிலில் பயிற்சி. இரவில் போட்டி, நள்ளிரவில் பேருந்து, விடிந்தால் வேறு ஊர். சமையல் லாரியில் முட்டை கிண்டிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தாய் தகப்பன்மார். சம்பளம் பிள்ளைகளுக்கும் இல்லை. அவர்கள்தாம் ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் செலுத்த வேண்டும். ஏழைப் பையனுக்காகப் பிறந்த கலைக்குள் இன்று ஏழைப் பையன் நுழைவது கடினமாகிவிட்டது. எல்லா இரசிகர்களும் அறிந்த இந்தக் குறையைப் பற்றி உரக்கப் பேசுவோர் சிலரே.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கார்ஃபீல்டில் பிறந்து, கெடட்ஸ் என்ற பெயரில் தொண்ணூறு ஆண்டு வாழ்ந்த அந்தக் குழு 2024 ஏப்ரலில் நிரந்தரமாக மூடப்பட்டது. 1980களில் குழுவில் இருந்த ஒருவர், அங்கே தமக்குப் பாலியல் கொடுமை நேர்ந்ததாகக் கூறித் தொடர்ந்த வழக்கும், அதனால் ஏறிய செலவும் காரணம் என்று அறிவித்தார்கள். நாம் எந்த ஆண்டுகளின் ஆட்டத்தை மூச்சடக்கிப் பார்த்தோமோ, ஏறக்குறைய அதே ஆண்டுகள். செய்தி வந்த பிறகு சில இரசிகர்கள் வழக்குத் தொடுத்தவர்மேல் கோபப்பட்டார்கள், "எங்கள் குழுவைக் கொன்றுவிட்டார்களே" என்று. அந்தக் கோபத்தில் நாம் சேரவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளையை நம்பி அனுப்புகிற தாய்க்கு, பதக்கங்கள் எத்தனை என்பது பதில் ஆகாது. பங்கு இல்லத்துச் சாவி யாரிடம் இருக்கிறது, பயிற்சி முடிந்து பிள்ளைகளை யார் அழைத்துச் செல்கிறார் என்று நம் இளைஞர் மன்றத்தில் ஏடு வைக்கச் சொன்னபோது, "சாமிக்கு எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா" என்று சிலர் மனம் வருந்தினார்கள். நம்பிக்கை உண்டு. ஏடும் இருக்கும்.

பாஸ்டன் குரூசேடர்ஸ் கதை வேறு. பிறந்த பங்கின் பெயரை அவர்களும் இழந்தார்கள். நிலைத்து நிற்பதே பெரும்பாடாக இருந்தது. இறுதிச் சுற்றில் பன்னிரண்டு குழுக்களுக்கே இடம். 1972இல் தொடங்கிய அந்தப் போட்டியில் அவர்கள் முதன்முறையாக இறுதிச் சுற்றுக்குள் வந்தது 1999இல்தான். அதற்குள் எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் வயது முடிந்து, இறுதி மேடையைக் காணாமலே சீருடையைக் கழற்றியிருப்பார்கள்! அதற்குப் பிறகும் கால் நூற்றாண்டு. இரண்டாம் இடம்வரை வந்தும் முதலிடம் எட்டவில்லை. நாமும் ஆண்டுதோறும் இவர்கள் பக்கமே நின்று தோற்றுக்கொண்டிருந்தோம். பங்கிலே பிறந்த பிள்ளைகள் என்ற ஓரவஞ்சனைதான், வேறென்ன!

2025 ஆகஸ்டு மாதம் இண்டியானாபொலிஸ் நகரின் லூக்கஸ் ஆயில் அரங்கில் இறுதிப் போட்டி. நம் ஊரில் அப்போது ஞாயிறு விடிகாலை. முதல் பூசைக்கு மணியடிக்க வந்த நம் உபதேசியார், பங்கு இல்லத்துக்குள்ளே நாம் தனியாகக் கைதட்டுவதைக் கேட்டுக் கதவைத் தட்டினார். குரூசேடர்ஸ் வென்றது என்று சொன்னோம். "எந்த ஊர்ச் சண்டை சாமி அது?" என்று கேட்டார். எண்பத்தைந்து வருஷமாக நடந்த சண்டை என்று சொல்லிவிட்டு, திருவுடை அணியப் போனோம்.