நேர்ச்சாலையும் வளைவும்



மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றதும் எவர் மனத்திலும் முதலில் எழும் வினா, "எந்த வண்டி மிகுந்த வேகத்தில் ஓடும்?" என்பதே. வண்டியை விற்போரும் அந்த ஓர் எண்ணைத்தான் பெரிய எழுத்தில் அச்சிடுகின்றனர். ஆயினும் பந்தயம் வெல்லப்படுவது நேர்ச்சாலையிலா, வளைவிலா என்னும் வழக்கு மிகப் பழையது. அவ்வழக்கின் இரு தரப்பையும் தம் வாழ்விலேயே கண்டவர் ஒருவர் உண்டு. அவர் இங்கிலாந்தின் ஜெஃப் டியூக்.

முதற்கண் ஒரு சிறு கணக்கு. ஒரு கிலோமீட்டர் நேர்ச்சாலையை மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 18 வினாடி ஆகும். வேகம் 210 ஆனால் ஏறத்தாழ 17.1 வினாடி. மிச்சப்படுவது ஒரு வினாடிக்கும் குறைவு. இனி, 300 மீட்டர் நீளமுள்ள வளைவு ஒன்றை 90 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 12 வினாடி. 100 கிலோமீட்டர் வேகத்தில் 10.8 வினாடி. இங்கு மிச்சம் 1.2 வினாடி. இரண்டிலும் கூட்டிய வேகம் அதே 10 கிலோமீட்டர்தான். மெல்லச் செல்லும் இடத்திலேயே காலம் கரைகிறது என்பது இதனால் விளங்கும். வளைவிலிருந்து விரைந்து வெளியேறும் வண்டி அந்த ஊதியத்தை அடுத்த நேர்ச்சாலைக்கும் கொண்டு செல்கிறது.

உச்ச வேகமோ விலை மிகுந்த பொருள். காற்றின் தடையை வெல்ல வேண்டிய ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக வளர்வதால், வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்ட எஞ்சின் ஆற்றலை ஏறக்குறைய 33 விழுக்காடு கூட்ட வேண்டும். வளைவின் வேகத்துக்கும் விலை உண்டு. அங்கு வேகம் இரு மடங்கானால், வண்டியை வளைவில் திருப்பத் தேவைப்படும் விசை நான்கு மடங்காகும். அவ்வளவையும் தருவது, சாலையைச் சிறிதளவே தொட்டு நிற்கும் டயரின் பிடிப்பு.

1950ஆம் ஆண்டுக்கு வருவோம். இத்தாலியின் கிலேரா நிறுவனத்திடம் நான்கு சிலிண்டர் கொண்ட 500 சி.சி. வண்டி இருந்தது. பர்மிங்ஹாமின் நார்ட்டன் நிறுவனத்திடம் இருந்ததோ ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். ஆற்றலில் அது கிலேராவுக்கு ஈடாகாது. ஆனால் அவ்வாண்டு பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த ரெக்ஸ் மெக்கேண்ட்லஸ் அமைத்த புதிய சட்டகம் நார்ட்டனுக்குக் கிடைத்தது. அதில் ஓட்டிப் பார்த்த ஹெரால்ட் டேனியல், இறகு மெத்தையில் அமர்ந்தது போலிருக்கிறது என்றார். 'ஃபெதர்பெட்' என்னும் பெயர் அவ்வாறே நிலைத்தது. மேடுபள்ளத்தில் நெளியாமல், சாய்ந்த நிலையிலும் நேர்க்கோடு பிறழாமல் அது சென்றது.

அவ்வாண்டு ஐல் ஆஃப் மேன் தீவின் சீனியர் டி.டி. பந்தயத்தை டியூக் வென்றார். கிலேராவின் தாயகமான இத்தாலியில், வேகத்திற்குப் பெயர்பெற்ற மோன்ஸாவிலும் அவரே வென்றார். எனினும் பட்டம் கைநழுவியது. பெல்ஜியத்திலும் ஹாலந்திலும் பின் டயரின் மேற்பட்டை பிரிந்து போயிற்று. அவ்விரு பந்தயங்களையும் கிலேராவின் உம்பெர்ட்டோ மஸெட்டி வென்றார். இறுதிக் கணக்கு மஸெட்டிக்கு 28, டியூக்கிற்கு 27. சட்டகம் கொடுத்ததை டயர் பறித்துக்கொண்டது.

1951இல் 500 சி.சி., 350 சி.சி. ஆகிய இரு பட்டங்களும் டியூக்கையே அடைந்தன. ஆயினும் பிரான்ஸின் ஆல்பியிலும் மோன்ஸாவிலும் வென்றவர் கிலேராவின் ஆல்ஃபிரெடோ மிலானி. இதில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. வளைவின் வேகத்திற்குத் தடையற்ற வழி வேண்டும். நேர்ச்சாலையில் முந்திச் சென்ற வண்டி, வளைவின் நடுவே மெல்லச் சென்று வழியை அடைத்துக்கொண்டால், பின்வருபவரின் திறமை வெளிப்பட இடமே இல்லை. தனியே ஓடும்போது காலத்தை ஈட்டுவது வளைவு. பலர் நடுவே இடத்தை ஈட்டுவது பெரும்பாலும் நேர்ச்சாலை. நன்றாக வளையும் வண்டி பந்தயத்தில் தோற்பது இதனாலேயே.

1952இல் ஜெர்மனியின் ஷாட்டனில் டியூக் காயமுற்றார். பட்டம் மீண்டும் மஸெட்டியிடம் சென்றது. 1953இல் டியூக் கிலேராவுக்கே சென்றார். பிரிட்டிஷ் வீரர் அயல்நாட்டு வண்டியில் ஏறுவதா என்று மனம் வருந்தியோர் உண்டு. ஆனால் அவர் கிலேராவுக்குத் தம் கைத்திறனை மட்டும் கொண்டு செல்லவில்லை; வண்டி எவ்வாறு வளைய வேண்டும் என்னும் அறிவையும் கொண்டு சென்றார். அவர் சொற்படி கிலேராவின் சட்டகம் திருத்தப்பெற்றது. 1953, 1954, 1955 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 500 சி.சி. பட்டம் அவருடையதாயிற்று. 1955 சீனியர் டி.டி.யில் அவரது ஒரு சுற்று மணிக்கு 100 மைல் என அறிவிக்கப்பட்டு, பின்னர் 99.97 எனத் திருத்தப்பட்டது. அந்த எல்லையை 1957இல் தாண்டியவர் பாப் மெக்கின்டயர்; அவரும் கிலேராவிலேயே தாண்டினார்.

நார்ட்டன் என்ன ஆயிற்று? நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை உருவாக்கும் முயற்சி அங்கும் நடந்தது. அது பந்தயச் சாலையைக் காணவே இல்லை. தொழிற்சாலை அணியாகப் பந்தயம் ஓடுவதை நார்ட்டன் 1954ஆம் ஆண்டோடு நிறுத்திக்கொண்டது. எஞ்சினில் மிஞ்சியவர்கள் சட்டகத்தைக் கற்றுக்கொண்டனர். சட்டகத்தில் மிஞ்சியவர்கள் எஞ்சினைக் கைக்கொள்ளவில்லை. வழக்கின் தீர்ப்பு இதுதான் எனலாம். வளைவா, நேர்ச்சாலையா என்பதன்று கேள்வி. தம்மிடம் ஏற்கெனவே உள்ள வலிமையில் நிறைவுகொண்டு, இல்லாததைத் தேடாமல் நின்றவர் யார் என்பதே கேள்வி. முதல் வெற்றி வளைவினுடையது. முடிவான வெற்றி இரண்டையும் கற்றவருடையது.