மிதிவண்டிப் பயணமும் ஊரறிவும்
(விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விழா மேடையில் மிதிவண்டியைப் பற்றி ஓர் உரையா என்று சிலர் வியக்கக்கூடும். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்து இருக்கிறது, தொடர்வண்டி இருக்கிறது. பலர் வீட்டில் காரும் இருக்கிறது. பின் ஏன் மிதிக்க வேண்டும்? இவ்வினாவுக்கு விடை கூறுமுன், ஓர் உரை எத்தனை தொலைவு செல்லும் என்பதைக் காட்டும் வரலாறு ஒன்றைக் கூறுவது பொருந்தும்.

1920-ஆம் ஆண்டு பம்பாய் ஓவல் மைதானத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் பேசினார். ஐரோப்பாவிலிருந்து இந்தியா வரை நடந்தே வந்தவர் அவர். கேட்டவர்கள் கைதட்டிவிட்டுக் கலைந்தனர். ஆனால், கூட்டத்தில் இருந்த பார்சி இளைஞர் சிலரின் உள்ளத்தை விட்டு அவ்வுரை அகலவில்லை. எடை தூக்கும் பயிற்சிக் கழகத்தைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் 1923 அக்டோபர் 15 அன்று மிதிவண்டிகளில் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். பாரசீகம், ஈராக்கு, ஐரோப்பா, அமெரிக்கா, சப்பான், கொரியா, சீனம், பர்மா எனச் சென்று, 1928 மார்ச் 18 அன்று பம்பாய் வந்து சேர்ந்தனர். கடந்த தொலைவு ஏறத்தாழ 71,000 கிலோமீட்டர். கழிந்த காலம் நான்கு ஆண்டுகளும் ஐந்து மாதங்களும்.

வந்து சேர்ந்தவர் மூவரே: அடி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பும்காரா. எஞ்சிய மூவருள் ஒருவர் தெஹ்ரானிலிருந்தே திரும்பினார்; ஒருவர் அமெரிக்காவில் தங்கிவிட்டார்; மற்றொருவரும் இடைவழியில் ஊர் திரும்பினார். இவர்களைத் தோற்றவர் எனக் கருதுதல் தவறு. தெஹ்ரான் வரை மிதித்தவரும் பெரும்பயணம் செய்தவரே. தம் ஆற்றலின் எல்லையை அறிந்து நிற்பதும் பயணம் கற்பிக்கும் பாடங்களுள் ஒன்று.

உலகைச் சுற்றுமாறு இவ்வவையில் எவரையும் வேண்டவில்லை. 45 கிலோமீட்டர் போதும். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை.

மஞ்சக்குப்பத்தில் புறப்பட்டுக் கெடிலத்தைக் கடந்தால் திருப்பாதிரிப்புலியூர். காரில் செல்வோர்க்கு அது நெரிசல் மிகுந்த கடைவீதி. சற்றே நின்று நோக்குவோர்க்கு அது பழைய பாடலிபுரம். சர்வநந்தி முனிவர் 'லோகவிபாகம்' என்னும் நூலைச் சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், இங்கு நிறைவு செய்தார் என்பர் ஆய்வாளர். உலகின் அமைப்பையும் அளவையும் கூறும் நூல் அது. பல்லவ மன்னன் சிம்மவர்மனின் ஆட்சியாண்டைக் குறிப்பதால் வரலாற்றறிஞரும், சுழியத்தை இடமதிப்போடு ஆள்வதால் கணித அறிஞரும் அதனைப் போற்றுகின்றனர். அத்தகைய நூல் பிறந்த ஊரில், நாள்தோறும் பேருந்துக்குக் காத்து நிற்கும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் இதனை அறிவர்?

தெற்கே முதுநகர், அதன்பின் குடிகாட்டுப் பகுதியின் தொழிற்சாலைகள். இங்குச் சரக்கு லாரிகள் மிகுதி. ஒருவர் பின் ஒருவராகச் செல்லுதல் வேண்டும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் கடந்து பி.முட்லூரை அடைந்தால், கிழக்கே பரங்கிப்பேட்டைக்குச் சாலை பிரியும். 1781 சூலை முதல் நாள் ஐதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் பொருத களம் அது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும் அங்கேதான் உள்ளது. பின்னர் வெள்ளாற்றுப் பாலம், அதன்பின் சிதம்பரம்.

மணிக்கு 15 கிலோமீட்டர் என்னும் அமைதியான வேகத்தில் இது மூன்று மணி நேரப் பயணம். நின்று நின்று சென்றால் ஐந்து மணி நேரம். அந்த நிற்றலே இப்பயணத்தின் பயன். காரில் செல்பவர் வழியை எவரிடமும் கேட்பதில்லை. மிதிவண்டியில் செல்பவர் தண்ணீருக்கு ஒரு வீட்டு வாசலில் நிற்கிறார். காற்றடிக்க ஒரு கடையில் நிற்கிறார். "எந்த ஊர் தம்பி? எங்கே போறீங்க?" என்னும் வினா அங்கே எழுகிறது. அவ்வினாவுக்கு விடை சொல்லும்போதே ஊர்க்கதையும் உறவுக்கதையும் தொடங்கிவிடுகின்றன.

நுகத்தடி அளவு முன்னுள்ள நிலத்தை நோக்கி நடத்தல் துறவியரின் ஒழுக்கம். ஈரியா சமிதி என்பர். இல்லறத்தார்க்கு அத்தகைய முழு நெறி கூடாது. எனினும், சாலையைக் கடக்கும் நத்தையையும் எறும்பு வரிசையையும் கண்டு ஒதுங்கிச் செல்ல மிதிவண்டியின் வேகம் இடம் தருகிறது. விரையும் வண்டிக்கு அவை கண்ணிலேயே படுவதில்லை.

பெற்றோரின் அச்சம் நியாயமானது. அதனை நகைத்து ஒதுக்கலாகாது. ஆயத்தத்தால் தணிக்க வேண்டும். ஐவர் அல்லது அறுவராகச் செல்க; முன்னும் பின்னும் அனுபவமுள்ள பெரியவர் இருக்கட்டும். தலைக்கவசம், பஞ்சர் ஒட்டும் சாமான், பம்பு, மாற்று ட்யூப், காய்ச்சி ஆறிய நீர் ஆகியன கட்டாயம். புறப்படுவதற்கு முந்தைய நாள் பிரேக்கும் செயினும் பார்த்தாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் உண்டு. சித்திரை, வைகாசியில் வெயில் தாங்காது. தை, மாசி மாதங்களே ஏற்றவை. அப்போது தெற்கு நோக்கிச் செல்வோரை வாடைக்காற்று முதுகில் தள்ளும். திரும்பும்போது அதே காற்று மார்பில் அடிக்கும். ஆகவே, இரவு சிதம்பரத்தில் தங்கி மறுநாள் விடியலில் திரும்புதல் நன்று. இரவில் ஓட்டவே கூடாது. பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் வழக்கமுடைய குடும்பங்களுக்கு, பொழுது சாயுமுன் பயணத்தை முடிப்பது புதிய கட்டுப்பாடு அன்று.

பெண் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிட்டு ஆண் பிள்ளைகளை மட்டும் அனுப்புதல் முறையன்று. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. 70,000-க்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் ஊரறிய மிதிவண்டி ஓட்டிக் காட்டினர். குவாரித் தொழிலாளரும் அங்கன்வாடி ஊழியரும் அவர்களுள் இருந்தனர். முதலில் எழுந்த கேலியை அவர்கள் மிதித்தே கடந்தனர். அவர்களுக்கு இயன்றது, பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் நம் பெண்களுக்கு இயலாதா?

இனி, முதலில் எழுந்த வினாவுக்கு விடை. ஒரு தலைமுறைக்கு முன்வரை, ஆசிரியரும் உழவரும் நெல் வணிகரும் மிதிவண்டியிலேயே ஊர் ஊராகச் சென்றனர். திருமணச் செய்தியும் துக்கச் செய்தியும் மிதிவண்டியிலேயே சென்றன. எந்த ஊரில் எவர் வீடு, எந்த ஏரிக்கரையில் எந்தச் சிலை என்பதை அவர்களின் கால்கள் அறிந்திருந்தன. பின்னர்க் குடும்பங்கள் வேலை தேடி நகரங்களில் குடியேறின. இன்று பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாவின் ஊர்ப்பெயர் தெரியும். அவ்வூருக்குச் செல்லும் வழி தெரியாது. வழி தெரிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொண்டு புறப்பட வேண்டும். பிறகு கேட்பதற்கு ஆள் இராது.

ஆகவே இவ்வவையின் முன் ஒரு வேண்டுகோள். வரும் தை மாதத்தில் இளைஞர் சிலர் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் புறப்படட்டும். புறப்படுமுன் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவரிடம் அவ்வழியைப் பற்றி ஒரு செய்தியேனும் கேட்டுச் செல்லட்டும். திரும்பியபின், இதே அவையில் ஆளுக்குக் கால் மணி நேரம் பேசட்டும். மேடைப் பேச்சின் அணிகள் வேண்டா. கண்டதைக் கண்டவாறு சொன்னால் போதும். பாதி வழியில் திரும்பியவரும் பேசட்டும். சிதம்பரம் வரை பழகிய கால்கள் பின்னர்த் திருநறுங்கொண்டைக்கும் மேல்சித்தாமூருக்கும் தாமே செல்லும்.

ஓவல் மைதானத்தில் பேசிய அந்தப் பிரெஞ்சுக்காரர் தம் உரையைக் கேட்டோருள் எவர் புறப்படுவர் என அறிந்திருக்க முடியாது. இந்த அவையிலும் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் எந்தச் சிறுவன், எந்தச் சிறுமி நாளை காலை வீட்டு மூலையில் துருப்பிடித்து நிற்கும் மிதிவண்டியைத் துடைக்கப் போகிறார் என்பதை எவரும் அறியார். அவர் துடைக்கத் தொடங்கும்போது, "வேண்டாம்" என்று தடுக்காமல், "பம்பு எங்கே இருக்கிறது தெரியுமா?" என்று வீட்டிலுள்ளோர் கேட்பார்களாயின், இவ்வுரை தன் பயனை அடைந்ததாகும்.