சோறு போட்டுப் படிக்க வைத்தவர்

(சிதம்பரம் நந்தனார் பள்ளியை நிறுவிய சுவாமி சகஜானந்தரின் நினைவு நாளான மே 1 அன்று, ஆமத்தூர் காலனி இளைஞர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



காவி கட்டின சாமியாருக்கு நாம எதுக்கு மாலை போடணும்னு பஸ் விட்டு இறங்கும்போதே ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சகஜானந்தர் சைவர். காங்கிரஸ்காரர். மதமாற்றத்தை எதிர்த்தவர். அண்ணல் அம்பேத்கர் 1956இல் நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். இவர் கடைசிவரை நடராசர் சந்நிதியை விட்டு நகரவில்லை. எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. இதை மறைத்துப் பேசினால் அது அஞ்சலி இல்லை, ஜோடனை.

ஆனா அந்த மனுசன் எங்கிருந்து வந்தார்னு பாருங்க. 1890இல் ஆரணி பக்கம் மேல்புதுப்பாக்கத்தில் பிறந்தார். பேரு முனுசாமி. திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் படித்தார். மதம் மாறச் சொன்னார்கள், மாட்டேன் என்றார், படிப்பு நின்றது. பிறகு கோலார் தங்கவயல். அங்கிருந்து சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளின் மடம். சகஜானந்தர் என்பது அங்கே வைத்த பெயர். 1910இல் சிதம்பரம் வந்து சேர்ந்தபோது வயது இருபது. 1916இல் 25 பிள்ளைகளோடு நந்தனார் பள்ளி.

மதம் மாற மறுத்ததை மதப்பற்று என்று எழுதுகிறார்கள். இருக்கலாம். நான் வேறு ஒன்றைப் பார்க்கிறேன். சோறும் படிப்பும் அடுத்தவன் கையில் இருந்தா நிபந்தனையும் அவன் கையிலதான் இருக்கும். சின்ன வயசிலேயே பட்டுத் தெரிந்துகொண்டார். அதனால்தான் வெறும் பள்ளிக்கூடத்தோடு நிற்கவில்லை, விடுதியும் நடத்தினார்.

நமக்குப் பள்ளிக்கூடம் அதற்கு முன்னால் இல்லாமல் இல்லை. கர்னல் ஆல்காட் சென்னையில் 1894லேயே பஞ்சமர் இலவசப் பள்ளி திறந்தார். ஆனா பண்ணையாள் வீட்டில் ஏழு வயசுப் பையன்னா ஒரு மாடு மேய்ப்பவன். ஆண்டை வீட்டில் அவனுக்குக் கிடைக்கும் கூழ்தான் கூலி. அவனைப் பள்ளிக்கு அனுப்பினா அந்த வேளைக் கூழ் போச்சு, வாங்கின கடனுக்கும் ஆண்டை பதில் கேட்பான். ஆக, சோறு போடாத பள்ளி அவனுக்குப் பள்ளியே இல்லை.

இது உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியணுமா? விடியுமுன்னே ஊர் ஊரா வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன கம்பெனி வண்டியைப் பார்த்தவங்க இங்கேயே இருக்கீங்க. அட்வான்ஸ் அப்பன் வாங்கினான், அடைச்சது பிள்ளை. குழந்தைத் தொழிலாளர் தடைச்சட்டம் 1986இல் வந்த பிறகும் வண்டி வந்தது. எங்க அம்மா எட்டு வயசில் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கினவங்க. குரோஸ் கணக்கு மனசிலேயே போடுவாங்க. பஸ் போர்டு படிக்கத் தெரியாது.

நம்ம விருதுநகரை எடுத்துக்கோங்க. நாடார்கள் மகமை வசூலித்தும் வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கியும் சத்திரிய வித்தியாசாலை நடத்தினார்கள். காமராசர் படித்தது அங்கேதான். அவங்களையும் ஒரு காலத்தில் கோயிலுக்குள் விடவில்லை. ஆனா அவங்க கையில் பேட்டை இருந்தது, தராசு இருந்தது. நம்ம கையில் என்ன இருந்தது? பிடியரிசி எடுத்து வைக்க முதலில் பானையில் அரிசி வேணுமே. அதனாலதான் சகஜானந்தர் மற்றவர்களிடம் கை நீட்டினார். சாதி இந்துப் பணக்காரனிடமும் நீட்டினார். இதைச் சிலர் சமரசம் என்கிறார்கள். அந்தக் கை நீளாவிட்டால் அந்த 25 பேரும் மாட்டுக்குப் பின்னாலதான் போயிருப்பார்கள்.

பள்ளிக்கு நந்தனார் பெயர் வைத்தாரே, அது என்னை ரொம்ப நாள் உறுத்தியது. நந்தன் தில்லைக்குள் போகத் தீக்குள் இறங்கணும்னு சொன்ன கதை அது. இறங்கினவன் திரும்பலை. அந்தத் தீயைப் பக்தி என்று பாடினார்கள். தீ நமக்குப் புதுசா? 1991இல் மீனம்பட்டி, 2012இல் முதலிப்பட்டி. அதையும் விதி என்றுதான் சொன்னார்கள். நந்தன் எரிந்ததாகச் சொல்லும் ஊரிலேயே நந்தன் பெயரில் பிள்ளைகளை உயிரோடு உட்கார வைத்துச் சிலேட்டு கொடுத்தார் ஒருவர். சாமியார் அப்படி நினைத்துச் செய்தாரோ இல்லையோ, நான் அப்படித்தான் படித்துக்கொள்கிறேன்.

சட்டசபையிலும் பல ஆண்டுகள் இருந்தார். 1957இல் சிதம்பரத்தில் ஜெயித்தார். 1959 மே முதல் தேதி இறந்தார். அந்தப் பள்ளியில் படித்து எத்தனையோ பேர் உத்தியோகத்துக்குப் போனார்கள். பிறகு அது அரசுப் பள்ளியானது.

இப்போ நம்ம பக்கம் வருவோம். நானும் அரசு விடுதிச் சோறு தின்று படித்தவன். சாம்பாரில் பருப்பை நீந்திப் போய்த்தான் தேடணும். வார்டனைச் சம்பள நாளில் பார்க்கலாம். இருந்தும் அந்த விடுதி இல்லாட்டி நான் பாங்கு கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க மாட்டேன். 2025இல் அந்த விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். போர்டு மாறியது சரி, கக்கூசுக்குக் கதவு இருக்கா, இரவு படிக்க விளக்கு எரியுதா? சங்கத்துத் தோழர்கள் மாதம் ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்தா என்ன? போஸ்டர் ஒட்டுகிற வேகத்தில் பாதி போதும்.

இன்னொரு ஆள் மேலும் குற்றம் சொல்லணும். அது நான். படித்தவர்கள் தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று அம்பேத்கர் 1956இல் ஆக்ராவில் வருத்தப்பட்டார். அதைப் படித்த அன்றைக்கு ஒரு கவிதை எழுதினேன். பத்திரிகையிலும் வந்தது. மறுமாதம் டவுனில் மனை வாங்க லோன் போட்டேன். இந்தத் தெருவில் பத்தாம் வகுப்பில் இந்த வருசம் எத்தனை பேர், கணக்கில் எத்தனை பேர் போனார்கள் என்று இன்றைக்கு மேடையேறும் வரை எனக்குத் தெரியாது.

சமுதாயக்கூடத்தில் சாயங்காலப் படிப்புக்கு இடம் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் வேலைக்குப் போகும் நம்ம வீடுகளிலிருந்துதான் வருவார்கள். பசியோடு வருவார்கள். சுண்டல், டீ செலவுக்கு அங்கே மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். மாதம் ஐந்நூறு என்று என் பெயரை எழுதிவிட்டேன். கணக்குப் பாடத்துக்கு ஆள் இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். மற்ற நாளுக்கு, பின்வரிசையில் நிற்கிற கல்லூரித் தம்பிகளே, தங்கச்சிகளே, நோட்டு உங்க பக்கம்தான் வருது.