கிரிமினல் பிராதுக்கும் கெடு உண்டு



புரோநோட்டு மூன்று வருஷத்தில் காலாவதியாகும் என்பதைக் கிராமங்களில் அறியாதவர் அரிது. அடிதடி, திருட்டு முதலிய குற்றங்களுக்கும் அவ்விதமே கெடு உண்டென்பதை அறிந்தோர் மிகச் சிலரே. 1898ஆம் வருஷத்திய கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் இத்தகைய பொதுக் கெடு கிடையாது. 1974 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த 1973ஆம் வருஷத்துச் சட்டமே அதை ஏற்படுத்தியது. 2024 ஜூலை 1 முதல் அதன் ஸ்தானத்தில் அமலிலுள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514ஆம் பிரிவும் அதையே அனுசரிக்கிறது.

அபராதம் மாத்திரமே விதிக்கத்தக்க குற்றத்திற்கு ஆறு மாதம். ஒரு வருஷத்திற்கு மேற்படாத சிறைத் தண்டனைக்குரியதற்கு ஒரு வருஷம். அதற்கு மேல் மூன்று வருஷம் வரையில் தண்டனைக்குரியதற்கு மூன்று வருஷம். அதனினும் கடுந்தண்டனையுள்ள கொலை, கொள்ளை முதலியவற்றிற்குக் கெடுவே இல்லை. சங்கத்துப் பணத்தைக் கையாடிய குமாஸ்தாவுக்கு ஏழு வருஷம் வரை தண்டனை உண்டாகையால், பழைய கணக்கென்று அவன் நிம்மதியாயிருக்க இடமில்லை.

வரப்புத் தகராறில் ஒருவன் மற்றொருவனை அடித்துவிடுகிறான். காயம் சாதாரணம், தண்டனை ஒரு வருஷத்திற்கு மேற்படாது. அறுவடை ஆகட்டும், பேசித் தீர்க்கலாம் என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். பிறகு திருவிழா வருகிறது. பிறகு பெரியவர்களுள் ஒருவர் வெளியூர் போய்விடுகிறார். இவ்வாறு ஒரு வருஷம் கழிந்தபின் கோர்ட்டை நாடினால், கெடு தாண்டியதென்று பிராது தள்ளப்படலாம். தவணை வளர வளர அடித்தவனுக்கே லாபம். இது அடிப்பவர்களுக்கு நன்றாய்த் தெரிந்திருக்கிறது போலும்! ஸ்டேஷனில் சொல்லியாயிற்றென்று சும்மா இருத்தலும் கூடாது. சாதாரணக் காயம், மாஜிஸ்டிரேட்டின் உத்தரவின்றிப் போலீஸார் புலன் விசாரிக்கக்கூடாத குற்றம். ஆகவே மாஜிஸ்டிரேட்டிடமே பிராது கொடுக்க வேண்டும். கொடுத்த தேதியே கணக்கு. பிறகு கோர்ட்டில் ஏற்படும் தாமதத்தால் பிராதுக்காரருக்கு நஷ்டமில்லையென்று 2013இல் சுப்ரீம் கோர்ட்டார் தீர்மானித்துள்ளனர்.

குற்றம் நடந்த நாளை நீக்கிக் கெடுவை எண்ண வேண்டும். ஆடு திருடியவன் இன்னானென்று தெரியாதிருந்தால், தெரிந்த நாள் முதலே கெடு ஆரம்பமாகும். குற்றவாளி தலைமறைவாயிருந்த காலமும் கழிக்கப்படும். தாமதத்திற்குத் தக்க காரணம் காட்டினால் கோர்ட்டார் மன்னிக்கலாம். அது அவர்கள் சித்தம், பிராதுக்காரரின் பாத்தியதையன்று.

சமாதானம் பேசுவோர் பேசலாம். பிராது தாக்கலான பின்னரும், சாதாரணக் காயக் குற்றத்தில் அடிபட்டவர் ராஜியாகிக்கொள்ளச் சட்டம் இடந்தருகிறது.